ஜர்னல் ஸ்கொயரிலிருந்து சாண்ட்லருக்கு: காரில்லாமல் வாழ்ந்தவர்கள் கார் ஊருக்கு வரும்போது

கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயரில் ஆறு வருடமாகக் காரே இல்லாமல் இருந்துவிட்டீர்கள். உங்களிடம் நியூஜெர்சி லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஓட்டி நாளாயிற்று. மனைவிக்கு லைசென்ஸ் இல்லை. ஜூலையில் அரிசோனா மாநிலம் சாண்ட்லரில், பிரைஸ் ரோடு பக்கம் வேலை. ஒரு கார் போதுமா, வீடு எங்கே பார்ப்பது, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் என்ன செய்வார்கள், காய்கறி வாங்கப் போகும் சக்கரக் கூடையை எடுத்து வரலாமா. இவைதான் கேள்விகள்.

நானும் அதே ஜர்னல் ஸ்கொயரில் எட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தவன். வந்து பத்து வருடமாகிறது. எல்லோரும் "எந்தக் கார் வாங்கலாம்" என்று ஆரம்பிப்பார்கள். கார் எதுவாக இருந்தாலும் ஓடும். வீடு எந்த மூலையில் என்பதுதான் அடுத்த சில வருடங்கள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஃபீனிக்ஸும் அதைச் சுற்றியுள்ள சாண்ட்லர், டெம்பி, மேசா, கில்பர்ட் ஊர்களும் கட்டம் போட்ட காகிதம் மாதிரி. அமெரிக்க அரசு 1785லிருந்து நிலத்தைச் சதுர மைல்களாக அளந்து விற்றது. அந்த அளவைக் கோடுகளே இங்கே பெரிய சாலைகள் ஆகிவிட்டன. அளவையின் அடிக்கோடு போன இடத்துக்கு இன்றைக்கும் பேஸ்லைன் ரோடு என்றுதான் பெயர். சாண்ட்லரில் வடக்கிலிருந்து தெற்கே எலியட், வார்னர், ரே, சாண்ட்லர் பூலவார்டு என்று மைலுக்கு ஒன்று. மேற்கிலிருந்து கிழக்கே பிரைஸ், டாப்சன், அல்மா ஸ்கூல், அரிசோனா அவென்யூ, அதுவும் மைலுக்கு ஒன்று. ஒரு வாரத்தில் ஊர் மனப்பாடமாகிவிடும். வழி தவறவே முடியாது. நல்ல செய்தி அதோடு முடிந்தது.

ஒவ்வொரு சதுர மைலின் ஓரத்திலும் ஆறு தடச் சாலை. மணிக்கு 40, 45 மைல் வேகம். மூலைகளில் கடைத்தொகுதி, அதன் முன்னால் கடலளவு பார்க்கிங். நடுவில் வீடுகள். அந்த வீடுகள் சாலையைப் பார்த்து நிற்பதில்லை, முதுகைக் காட்டி நிற்கும். சுற்றிலும் ஆறடிச் சுவர். உள்ளே போக ஒன்றோ இரண்டோ வாசல். இந்த ஊர்க்காரர்கள் மொத்தப் பகுதியையும் "வேலி" என்றுதான் சொல்வார்கள், பள்ளத்தாக்கு என்ற பொருளில். வந்த புதிதில் என் மனைவி, "பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க, எங்க பார்த்தாலும் வேலி" என்றாள்.

நான் செய்த தவறு இந்த வேலியில்தான். படத்தில் பார்த்தபோது மளிகைக்கடை எங்கள் வாடகை வீட்டிலிருந்து அரை மைல்கூட இல்லை. ஜர்னல் ஸ்கொயர் கணக்கில் எட்டு நிமிட நடை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், கடையின் பின்சுவர் எங்கள் கொல்லையிலிருந்தே தெரிகிறது, போக வழியில்லை. குடியிருப்பின் வாசல் எதிர்ப்பக்கம். சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை மைல், வழியில் ஒரு மர நிழல் இல்லை. ஒரு ஜூலை மாலை, ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம்பி பால் வாங்க நடந்தேன். இங்கே ஜூலையில் ஆறு மணி என்பது உச்சி வெயிலின் அண்ணன். திரும்பி வரும்போது பால் வெதுவெதுப்பாக இருந்தது, எனக்குத் தலை சுற்றியது. காரில் போன ஒரு அம்மா நிறுத்தி, "உங்கள் கார் எங்காவது நின்றுவிட்டதா?" என்று கேட்டார். இங்கே நடந்து போகிறவனைப் பார்த்தால் வண்டி பழுது என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே வீடு பார்க்கும்போது படத்தில் தூரத்தை அளக்காதீர்கள். நடைவழியைக் கேட்டு அளங்கள். குடியிருப்பின் சுவரில் கடைப்பக்கமோ பூங்காப் பக்கமோ திறக்கும் சிறு கதவு இருக்கிறதா பாருங்கள். சில இடங்களில் இருக்கும். அந்தக் கதவு நீச்சல் குளத்தைவிட மதிப்பானது.

எந்தப் பகுதி என்றால், உங்களுக்கு மூன்று வழி தெரிகிறது.

டெம்பி முதல் வழி. லைட் ரயில் 2008 டிசம்பரில் இருபது மைலோடு தொடங்கியது. இன்றைக்கு ஃபீனிக்ஸ் நடு ஊரிலிருந்து டெம்பி வழியாக மேசாவில் கில்பர்ட் ரோடு வரை போகிறது. சாண்ட்லருக்கு வராது. டெம்பியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, மில் அவென்யூ பக்கம், நடந்து போய் காபி குடிக்கிற மாதிரி கொஞ்சம் ஊர் இருக்கிறது. அப்பாச்சி பூலவார்டில் கல்டிசாக் என்ற குடியிருப்பு 2023இல் திறந்தார்கள். குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்த இடமே கிடையாது, வாசலில் ரயில். இந்த ஊரில் இப்படி ஒன்றா என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளைச் சுவர்கள், குறுகிய சந்து, சந்தில் நிழல். ஆனால் உங்கள் அலுவலகம் பிரைஸ் ரோடு. டெம்பியிலிருந்து லூப் 101 நெடுஞ்சாலையில் காரில் கால் மணி, இருபது நிமிடம். பேருந்தை நம்பினால் அரை மணிக்கு ஒன்று என்ற கணக்கு. ஒன்றைத் தவறவிட்டு நிழல் போதாத நிறுத்தத்தில் ஜூலையில் நிற்பதை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சாண்ட்லர் நடு ஊர் இரண்டாவது. அரிசோனா அவென்யூவும் சாண்ட்லர் பூலவார்டும் சேருமிடத்தைச் சுற்றி. நாலைந்து தெருதான், ஆனால் தெரு தெருவாகவே இருக்கிறது: உணவகங்கள், நூலகம், நிழலுக்கு நடைபாதைக்கு மேல் கூரை. சாயங்காலம் மனிதர்களைப் பார்க்கலாம்.

மூன்றாவது, எல்லோரும் போகும் வழி: சுவர் வைத்த குடியிருப்பில் தனி வீடு. அதற்கென்றால் ஒரு பழைய யுக்தி சொல்கிறேன். அலுவலகத்துக்குக் கிழக்கே வீடு பாருங்கள். சாலைகள் நேர்க்கோடாகக் கிழக்கும் மேற்கும் ஓடுவதால், மேற்கே குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவன் காலையிலும் மாலையிலும் சூரியனைக் கண்ணுக்கு நேராக வாங்கிக்கொண்டு ஓட்டுவான். கிழக்கே இருந்தால் இரண்டு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னால். பிரைஸ் ரோடுக்கு டாப்சன், அல்மா ஸ்கூல், அதற்கும் கிழக்கே கில்பர்ட் எல்லாமே இந்தக் கணக்கில் சரி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வருடம் சாண்ட்லர் நடு ஊரில் அபார்ட்மென்ட் எடுத்துவிட்டு, ஒரு கோடையைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்வேன். கூரை போட்ட பார்க்கிங் உள்ள அபார்ட்மென்டாகப் பாருங்கள். மாதம் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுங்கள்.

இனி கார். ஒன்று போதுமா என்று கேட்கிறீர்கள். முதல் ஆறு மாதம் போதும். ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: உங்கள் மனைவியின் லைசென்ஸ்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஜர்னல் ஸ்கொயரில் என் மனைவி என்னைக் கேட்காமல் எங்கும் போவாள். நூவர்க் அவென்யூவில் கறிவேப்பிலை, பாத் ரயிலில் நியூயார்க் நூலகம், மழையானால் குடை. இங்கே வந்த முதல் வருடம் காரை நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். "உங்களுக்கு வேலைதான் மாறிச்சு, எனக்குக் காலே போச்சு" என்று ஒருநாள் சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள். மறுவாரம் கற்றுக்கொள்ளச் சேர்த்தேன். வந்த முதல் மாதமே செய்திருக்க வேண்டியது, பதினோரு மாதம் கழித்துச் செய்தேன்.

எழுத்துத் தேர்வு முப்பது கேள்வி, இருபத்துநான்கு சரியாக இருந்தால் தேர்ச்சி. கையேட்டைப் படித்தால் நியூஜெர்சியில் இருந்தபடியே தயாராகலாம். கற்றுக்கொடுக்க நீங்கள் உட்காராதீர்கள். இது கார் பற்றிய அறிவுரை இல்லை, குடும்பம் பற்றியது. பயிற்சிப் பள்ளியில் காசு கொடுத்து விடுங்கள். நவம்பரில் தொடங்கினால் வெயிலும் இருக்காது. உங்கள் லைசென்ஸ் விஷயத்தில், குடிவந்துவிட்டால் உடனே அரிசோனா லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். சில மாநிலங்களைப் போல மாதக்கணக்கில் சலுகை கிடையாது. செல்லுபடியாகும் நியூஜெர்சி லைசென்ஸைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். விசா காகிதங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

உங்கள் மனைவி ஓட்டப் பழகும்வரை இடைக்காலத்துக்கு வேமோ இருக்கிறது. ஓட்டுநர் இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்கு முதலில் விட்டது இந்தப் பகுதியில்தான், 2020 அக்டோபரில். செல்போனில் கூப்பிட்டால் ஆளில்லாத கார் வந்து நிற்கும். என் மனைவிக்குத் தனியாக டாக்சியில் போகத் தயக்கம். இதில் பேச்சுக் கொடுக்க ஆளே இல்லையே என்று நிம்மதியாக ஏறுகிறாள். சாண்ட்லர் நகராட்சியின் ஃப்ளெக்ஸ் என்ற கூப்பிட்டால் வரும் சிறு வேனும் உண்டு, மலிவு, ஆனால் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும்.

செலவு. இங்கே வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க மோட்டார் சங்கம் 2024இல் போட்ட கணக்கில், புதுக் கார் ஒன்றை வைத்திருக்க எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 12,297 டாலர் ஆகிறது; மதிப்புக் குறைவு, காப்பீடு, பெட்ரோல் எல்லாம் அதில் அடக்கம். மாதம் ஆயிரத்துக்கு மேல். பழைய கார் வாங்கினால் குறையும். ஆனாலும் வாடகையில் மிச்சமாவதில் பெரும்பகுதி நாலு சக்கரத்தில் போய்விடும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 25,000, 50,000, 15,000 டாலர்: ஒருவருக்குக் காயம், ஒரு விபத்தில் மொத்தக் காயம், பிறர் சொத்துச் சேதம் என்ற வரிசையில். இதோடு நிறுத்தாதீர்கள். எதிராளியிடம் காப்பீடு இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் பிரிவையும் சேர்த்து எடுங்கள்.

நியூஜெர்சிக்காரர்களுக்கு என்று சில விசித்திரங்கள். அங்கே பெட்ரோலை நாமே போடக்கூடாது, 1949இலிருந்து சட்டம். இங்கே நீங்கள்தான் இறங்கிப் போட வேண்டும். முதல் தடவை நான் காரில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அங்கே இடது பக்கம் திரும்ப வலது பக்கம் சுற்றிப் போகச் சொல்வார்கள். இங்கே சாலை நடுவில் இடது திருப்பத்துக்கென்றே மஞ்சள் கோடு போட்ட தடம், இரு திசைக்காரர்களும் அதில் வந்து நிற்பார்கள். பழகும்வரை எதிரே ஒருவன் முட்ட வருகிற மாதிரியே இருக்கும். ஃபீனிக்ஸ் நகருக்குள் செவன்த் ஸ்ட்ரீட்டிலும் செவன்த் அவென்யூவிலும் அந்த நடுத்தடம் வாரநாட்களில் காலையில் தெற்கே, மாலையில் வடக்கே போகும் தடமாக மாறிவிடும். பழகும்வரை அந்த இரண்டு சாலைகளையும் அந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள், வெட்கமில்லை.

நடப்பவனாக ஒன்று. மைல் சாலைகளின் நடுவில் ஹாக் என்ற நடைபாதை விளக்கு இருக்கும். பக்கத்து டூசான் நகரம் கண்டுபிடித்துக் கொடுத்தது. யாரும் அழுத்தாதவரை இருட்டாக இருக்கும். அழுத்தினால் மஞ்சள் மின்னி, பிறகு சிவப்பு. ஓட்டும்போது சிவப்பு மாறி மாறி மின்னினால் நின்று, ஆள் கடந்துவிட்டால் போகலாம். நடக்கும்போது, விளக்கு எரிந்தாலும் ஆறு தடத்துக் கார்களும் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காலை வையுங்கள். ஜெர்சி சிட்டியில் சிவப்பில் கடந்த பழக்கத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

வெயில் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 2023இல் ஜூன் கடைசியிலிருந்து தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸில் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, செல்சியஸில் 43. அந்த வருடம் ஃபீனிக்ஸும் சாண்ட்லரும் அடங்கிய மரிகோபா கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். "நம்ம ஊர்ல பார்க்காத வெயிலா" என்று நானும் சொன்னவன்தான். நம்ம ஊரில் மரமும் திண்ணையும் இளநீர்க்கடையும் உண்டு, வேர்வை வந்து எச்சரிக்கும். இங்கே வேர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடும், உடம்பில் நீர் போவதே தெரியாது. காரில் எப்போதும் தண்ணீர். கண்ணாடிக்கு மடக்குத் திரை. சீட் பெல்ட்டின் உலோகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தைகளைக் கட்டுங்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். அது உயிரை விடுவது பெரும்பாலும் கோடையில் கடை வாசலில்தான். பார்க்கிங்கில் வாசலுக்குப் பக்கத்து இடம் காலியாகவும் தொலைவில் ஒரு மரத்தடி நிரம்பியும் இருந்தால் குழம்பாதீர்கள், இங்கே அதுதான் முதல் வகுப்பு.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியப் பருவமழைக் காலம். புழுதிச்சுவர் எழும்பி வரும், ஹபூப் என்பார்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுக்க ஒதுங்கி, விளக்கையெல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைச் சாலை என்று நம்பி வந்து இடிப்பான். வெள்ளம் போகும் பள்ளத்தில் தடுப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது; அதை "முட்டாள் ஓட்டுநர் சட்டம்" என்றே சொல்கிறார்கள்.

இனி அப்பா அம்மா. ஜெர்சியில் ஏப்ரலில் வரவழைத்து அக்டோபரில் அனுப்புவோம். இங்கே தலைகீழ்: அக்டோபர் கடைசியில் வரட்டும், மார்ச்சில் திரும்பட்டும். அந்த மாதங்களில் இந்த ஊர் சொர்க்கம்.

என் அப்பா ஜர்னல் ஸ்கொயருக்கு வந்த ஒரே வாரத்தில் நூவர்க் அவென்யூவின் பாதிக் கடைக்காரர்களைத் தெரிந்துகொண்டார். சாண்ட்லர் வந்தபோது கராஜ் கதவைத் திறந்துவைத்து உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவில் கார் போகும், கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். "இங்க மனுஷங்க இருக்காங்களா, காருங்கதான் குடியிருக்கா?" என்று கேட்டார்.

அவரைக் காப்பாற்றியது வாய்க்கால். ஹொஹோகம் என்ற பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய பாசனக் கால்வாய்களின் தடத்திலேயே இங்குள்ள பல கால்வாய்கள் ஓடுகின்றன. கரையெல்லாம் நடைபாதை. மைல் சாலையைத் தாண்டும் இடங்களைத் தவிரக் கார் கிடையாது. டெம்பியில் வெஸ்டர்ன் கால்வாய், சாண்ட்லரில் கன்சாலிடேட்டட் கால்வாய்க் கரை. தஞ்சாவூர்க்காரர் அப்பா, தண்ணீர் ஓடுவதைக் கண்டதும் எந்த மதகிலிருந்து எங்கே பிரிகிறது என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் இரண்டு ஆந்திரத் தாத்தாக்கள் கூட்டாளிகள். கில்பர்ட்டில் ரிப்பேரியன் ப்ரிசர்வ், சாண்ட்லரில் வெட்டரன்ஸ் ஒயாசிஸ் பூங்கா இரண்டிலும் நீர்ப்பறவைகள் பார்க்கலாம். கோயில் என்றால் மரிகோபா என்ற ஊரில் மகா கணபதி கோயில். தெற்கே 347ஆம் சாலையில் அரை மணிக்கு மேல் ஆகும், வார இறுதிக் காலையில் போங்கள். பெற்றோர் தூங்கும் அறையைவிட, அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் நடந்து அடையக்கூடிய ஒரு பெஞ்சு எங்கே என்று பார்த்து வீடு எடுங்கள்.

உங்களுக்கும் அப்படித்தான். ஜர்னல் ஸ்கொயரில் நடை கேட்காமலே கிடைத்தது. எனக்கு இங்கே முதல் வருடம் பதினைந்து பவுண்டு ஏறியது. ஜூலையில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது விடிந்துவிடும், அதற்கு முன்னால் கிளம்பி ஆறேகாலுக்கு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். நண்பர்களையும் தெருவில் தற்செயலாகச் சந்திக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை இரவு ஒரு வீட்டில், சனிக்கிழமை காலை கால்வாயில் என்று முறை வைத்துக்கொண்டோம் நாங்கள். முதலில் செயற்கையாக இருந்தது. இப்போது யாராவது வராவிட்டால் போன் போகிறது.

ஒரு உபரி லாபம்: இங்கே கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. இந்தியாவோடு வருடம் முழுவதும் பன்னிரண்டரை மணி வித்தியாசம்தான். அம்மாவுக்கு எப்போது கூப்பிடுவது என்று குழப்பமே கிடையாது.

கடைசியாகச் சக்கரக் கூடை. எடுத்து வாருங்கள். நாங்கள் நூவர்க் அவென்யூவில் வாங்கியது இன்னும் கராஜில் இருக்கிறது. கடைக்குப் போனதில்லை. ஜனவரியில் பொங்கலுக்குப் பூங்காவில் கூடும்போது பார்க்கிங்கிலிருந்து மேசை வரைக்கும் வெண்கலப் பானை, கரும்பு, பத்துப் பேர் சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அதில்தான் போகும். ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது; எண்ணெய் விட வேண்டும்.